வண்டி வற்ற ஏறும் ஹோர்மோன்

பாமசியில் கூட்டம் கலைகிற நேரம் பார்த்து வருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். களுவாஞ்சிகுடி பிரதான வீதியில் கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும் நேரம் அது. முதலில் ஒரு பனடோல் கார்ட் கேட்பார்கள். அப்புறம் சித்தாலேப. பிள்ளைக்கு இருமல் பாணி வாங்க வந்த பெண் காசைக் கொடுத்துவிட்டு வெளியே போன பிறகுதான் கண்ணாடிப் பெட்டிக்கு மேலால் குனிந்து, "தம்பி, அந்த ஆண் ஹோர்மோன் ஊசி உங்களிட்ட இருக்கா?" என்பார்கள்.

"டொக்டர்ர துண்டு இருக்கா?" என்று நான் கேட்பேன். துண்டு இருக்காது. கையில் போன் இருக்கும், அதில் யாரோ ஒருவர் சட்டை போடாமல் நின்று பேசும் வீடியோ இருக்கும்.

பல வருடமாக இவர்களைப் பார்க்கிறேன். குருமண்வெளித் துறை கடந்து படுவான்கரையிலிருந்து வருகிற போடியார் வீட்டுப் பிள்ளை, கட்டாரிலிருந்து லீவில் வந்து நிற்கிற டிரைவர், கல்முனையில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் காக்கா, கச்சேரி உத்தியோகத்தர் என்று எல்லோரும் வருகிறார்கள். தொழில் வேறு, சமயம் வேறு, எங்கள் பக்கம் வண்டி என்கிற தொந்தி மட்டும் ஒரே அச்சு. கையும் காலும் மெலிவாகத்தான் இருக்கும். சேட்டின் நடுப் பொத்தான் மட்டும் இழுபட்டுக்கொண்டிருக்கும். தெற்காசிய ஆண்களின் உடல்வாகே இப்படித்தான். அதனால்தான் எங்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் எல்லை வைத்திருக்கிறது. வெள்ளைக்காரருக்கு 94. எடை மெஷினில் நின்று "நான் அவ்வளவு பாரமில்லையே" என்பவரைக்கூட அளவு நாடா காட்டிக்கொடுத்துவிடும்.

இவர்களில் கணிசமானவர்களுக்கு இரத்தத்தைச் சோதித்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹோர்மோன் குறைவாகத்தான் காட்டும். அந்த மட்டில் அவர்களின் சந்தேகம் சரி. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ள ஆண்களைச் சோதித்த ஆய்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது குறைந்திருந்தது. கணக்கு பிழைப்பது அடுத்த வரியில். ஹோர்மோன் குறைந்தபடியால்தான் வண்டி வைத்தது, ஊசியால் ஹோர்மோனை ஏற்றினால் வண்டி இறங்கும் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி ஹோர்மோனை இழுக்கிற இழுப்புத்தான் பெரிது. வண்டி இறங்கினால் பெரும்பாலானவர்களுக்கு ஹோர்மோன் தன்பாட்டில் ஏறும். அதற்கு ஊசி வேண்டியதில்லை. நான் டொக்டர் இல்லை, மருந்தாளன். ஆனாலும் இதைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு நிமிட இரகசியப் பேச்சில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

எனக்கும் அந்த வண்டி இருந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவனுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், நிற்பது நடையாகாது. காலையில் பிட்டும் வாழைப்பழமும். பத்து மணிக்குச் சீனி தூக்கலாகப் பால்மாத் தேத்தண்ணியும் ஒரு ரோல்ஸும். மத்தியானம் பீங்கான் நிறையச் சோறும் மீன் குழம்பும், சில நாள் அதற்கு மேல் எருமைத் தயிரும் சீனியும். இரவு கடை பூட்டிப் போகிற வழியில் கொத்து. எங்கள் பகுதியில் இது பெரிய தீனி என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயலில் இறங்கி உழுது, சூடடித்து, மூட்டை தூக்கிய எங்கள் தாத்தாமாரும் இதே அளவு சோறுதான் தின்றார்கள். வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது, சோற்றை எங்களிடமே விட்டுவிட்டது.

சீனி கூடிவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன டொக்டர், களைப்பு எப்படி, குறட்டை உண்டா என்று விசாரித்துவிட்டு வேறு இரண்டு கேள்வியும் கேட்டார். காலையில் எழும்பும்போது விறைப்பு இருக்கிறதா? மனைவியிடம் நாட்டம் முன்போல இருக்கிறதா? எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளையிடம் வேறு எவரும் இந்தக் கேள்விகளைக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் சிரித்து மழுப்பிவிடுவோம். அங்கே மழுப்ப முடியவில்லை. இரத்தச் சோதனைக்கு எழுதித் தந்தார். முடிவு கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழே வந்தது.

சோதனையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேரின் பயம் தப்பான நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டில்தான் தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பின்னேரமாக இறங்கும். இளவயதில் இந்த ஏற்ற இறக்கம் பெரிது. சாப்பிட்டாலும் இறங்கும். வெறும் வயிற்றில் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்த்தபோது சராசரியாக நாலில் ஒரு பங்கு இறங்கியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். காய்ச்சலில் கிடந்தாலும், இரண்டு மூன்று இரவு நித்திரை இல்லாவிட்டாலும் இறங்கும். ஆகவே காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், உடம்பு சுகமாக இருக்கிற நாளில் இரத்தம் கொடுக்க வேண்டும். குறைவு என்று வந்தால் இன்னொரு நாளும் கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும். வேலை முடிந்து பின்னேரம் ஐந்து மணிக்கு வடையும் தேத்தண்ணியும் குடித்த வாயோடு போய்க் கொடுத்த இரத்தத்தின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அழுகிற நிலையில் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மறுகா ஒரு விடியக்காலை போய் எடுங்க என்றுதான் அனுப்பியிருக்கிறேன்.

சரி, குறைவு என்பது உறுதியானது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது எது?

டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ 98 வீதம் இரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை, புரதங்களோடு ஒட்டிக்கொண்டே போகும். மிச்சம் இரண்டு வீதம்தான் கட்டில்லாதது. ஒட்டுகிற புரதங்களில் இறுக்கமாகப் பிடிப்பது ஈரல் சுரக்கும் ஒன்று, ரிப்போர்ட்டில் எஸ்.எச்.பி.ஜி. என்று போடுவார்கள். வண்டி வைத்து, ஈரலில் கொழுப்புப் படிந்து, உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் போகும்போது ஈரல் இந்தப் புரதத்தைக் குறைவாகச் செய்கிறது. சுமக்கிற புரதம் குறைந்தால் மொத்த டெஸ்டோஸ்டிரோன் எண்ணும் குறைந்துதான் தெரியும். ஆனால் கட்டில்லாத பங்கு சரியாகவே இருக்கலாம். நடுத்தரப் பருமன் உள்ள பலரின் நிலை இதுதான். காகிதத்தில் சிவப்பு எழுத்து, உடம்பில் பெரிய குறை இல்லை. பருமன் மிகக் கூடினவர்களுக்குத்தான் கட்டில்லாத டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து இறங்குகிறது. மொத்த அளவு எல்லையோரத்தில் நிற்கும்போது நல்ல டொக்டர் எஸ்.எச்.பி.ஜி.யையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்தச் சோதனைக்குக் காசு கூட. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊசி ஏற்றுகிற காசோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

உண்மையாகவே இறங்கியவர்களின் கதையில் எல்.எச். என்ற இன்னொரு ஹோர்மோன் முக்கியம். மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி எல்.எச்.ஐ அனுப்ப, அதன் சொற்கேட்டு விதைகள் டெஸ்டோஸ்டிரோனைச் செய்கின்றன. விதை பழுதாகி டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் மூளை பதறிக்கொண்டு எல்.எச்.ஐ அள்ளி அனுப்பும், ரிப்போர்ட்டில் எல்.எச். கூடியிருக்கும். பருமனானவர்களில் அப்படி இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்.எச்.உம் குறைவு அல்லது சாதாரணம். அம்பாறைப் பக்கத்து வயற்காரருக்கு இதைச் சொல்வது சுகம். வயல் காய்கிறது, வாய்க்கால் உடையவில்லை, வயலிலும் பழுதில்லை, இங்கினியாகலையில் குளத்துக் கதவை ஒரு அங்குலம்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். விதைகள் வேலை செய்யத் தயாராகவே இருக்கின்றன, மேலிருந்து வருகிற கட்டளைதான் குறைந்துபோனது. ஆகவேதான் இது திரும்பக்கூடிய குறை.

அந்தக் கதவை மூடுவது யார் என்பதில் ஆராய்ச்சிக்காரர்களின் விளக்கம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த விளக்கம், கொழுப்புத் திசுவில் அரோமற்றேஸ் என்ற நொதியம் இருக்கிறது, அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரடியோல் என்ற பெண் ஹோர்மோனாக மாற்றுகிறது, அது கூடுவதைக் கண்ட மூளை கதவைச் சாத்துகிறது என்பது. நொதியம் இருப்பது உண்மை, மாற்றம் நடப்பதும் உண்மை. ஆனால் "வண்டி வைத்தால் ஆம்பிளை பொம்பிளையாகிவிடுவான்" என்று வீடியோக்காரர்கள் அதை ஊதிப் பெருப்பித்துவிட்டார்கள். நுணுக்கமான கருவிகளால் அளந்தபோது, சீனி வருத்தமும் குறைந்த டெஸ்டோஸ்டிரோனும் உள்ள ஆண்களிடம் ஈஸ்ட்ரடியோலும் குறைவாகவே இருந்தது. மூலப்பொருள் குறைந்தால் அதிலிருந்து செய்கிற சாமானும் குறையத்தானே செய்யும்? அதனால் இன்று மற்றக் காரணங்களையும் சேர்த்தே பேசுகிறார்கள். இன்சுலினுக்கு மசியாத உடம்பு, கொழுப்புத் திசு கசியவிடும் அழற்சிப் பொருட்கள், அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் லெப்டின் என்ற ஹோர்மோன், நித்திரையில் மூச்சு அடைபடுவது. இவை எல்லாம் கூடி மூளைப் பக்கத்தையும் விதைப் பக்கத்தையும் அமுக்குகின்றன. ஒரேயொரு குற்றவாளியைப் பிடித்துக் காட்ட முடியாது. கொழுப்பை இறக்கினால் எல்லோரும் ஒன்றாக அடங்குகிறார்கள் என்பதுதான் வசதி.

எவ்வளவு இறக்கினால் எவ்வளவு ஏறும்? இதற்கு நல்ல விடை இருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013 இல் வெளியிட்ட கணக்கின்படி, உணவைக் குறைத்து உடல் எடையில் சராசரியாகப் பத்து வீதம் இறக்கியவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் லீற்றருக்கு ஏறத்தாழ 3 நானோமோல் ஏறியது. இரைப்பை, குடல் சத்திரசிகிச்சை செய்து மூன்றில் ஒரு பங்கு எடையை இழந்தவர்களுக்கு 8.7 நானோமோல் ஏறியது. எங்கள் லாப்புகள் பல டெசிலீற்றருக்கு நானோகிராம் என்று எழுதும், அந்தக் கணக்கில் முன்னது 85 அளவில், பின்னது 250 அளவில். இளைஞர்களின் வழக்கமான அளவு கிட்டத்தட்ட 264 முதல் 916 வரை என்று பார்த்தால், 240இல் நிற்கிற ஒருவரை எல்லைக்கு உள்ளே கொண்டுவர முதலாவதே போதும். எட்டு ஐரோப்பிய நகரங்களில் நடுவயது, முதிய ஆண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்விலும் இதே போக்குத்தான். 15 வீதத்துக்குக் குறைவாக எடை இறக்கியவர்களுக்கு மொத்த அளவு கொஞ்சம் ஏறியது. அதற்கு மேல் இறக்கியவர்களுக்குத்தான் கட்டில்லாத டெஸ்டோஸ்டிரோனும் தெளிவாக ஏறியது. எடை கூட்டியவர்களுக்கு இறங்கியது.

அதாவது முதலில் ஏறுவது ஈரலின் புரதம், அதனோடு மொத்த எண். கதவு உண்மையில் திறக்க இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். பின்லாந்தில் வண்டி வைத்த 58 ஆண்களை 9 கிழமை மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். சராசரியாக 16 கிலோ குறைந்தது. அந்த 9 கிழமையில் எஸ்.எச்.பி.ஜி. தாவி ஏறியது. அப்புறம் ஒரு வருடம் எடையைக் காப்பாற்றும் கட்டத்தில் அது ஓரளவு திரும்பி இறங்கியது. ஆனால் எடை பெரும்பாலும் திரும்பாததால் கட்டில்லாத டெஸ்டோஸ்டிரோன் தொடங்கிய இடத்துக்கு மேலேயே நின்றது. பட்டினி கிடந்த கிழமைகளின் எண்ணைப் பார்த்துத் துள்ளக்கூடாது, எடை நிலைத்த பிறகு வருகிற எண்தான் சொந்த எண்.

என் எண்ணும் எடை நிலைத்த பிறகுதான் எல்லைக்கு மேலே வந்தது. நான் செய்ததில் புதுமை ஒன்றும் இல்லை. சோற்றைப் பாதியாக்கினேன். மிச்ச இடத்தை முருங்கையிலைச் சுண்டலும் இன்னொரு துண்டு மீனும் நிரப்பின. தேத்தண்ணியில் சீனியை நிறுத்தியதுதான் கடினமாக இருந்தது. சீனி போடாத பிளேன்டியைக் குடிக்கிறவனை எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். விடிய முன்னம் கடற்கரை வீதியால் நடப்பேன், நாய்களுக்காகக் கையில் ஒரு கம்போடு. எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் பாரம் தூக்கும் பயிற்சியும் வேண்டும் என்றார்கள். ஜிம்முக்குப் போகக் கூச்சம். வீட்டில் தண்ணீர் நிரப்பிய கலனைத் தூக்கி இறக்கினேன். மட்டக்களப்புப் பக்கம் இருந்திருந்தால் கல்லடிப் பழைய பாலத்தில் நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்திருப்பேன், அங்கே நாய்த்தொல்லை குறைவு என்கிறார்கள்.

வீட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மாற்றம் ஹோர்மோன் சம்பந்தப்பட்டதல்ல. "இரவில இப்ப மெஷின் ஓடுற சத்தம் இல்ல" என்றாள் மனிசி. குறட்டையைச் சொன்னாள். அது சின்ன விசயம் இல்லை. சிக்காகோவில் சுகதேகியான இளைஞர்களை ஒரு கிழமை இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டபோது அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் வரை இறங்கியது. வண்டி வைத்த ஆண் எட்டு மணித்தியாலம் படுக்கையில் கிடந்தாலும், மூச்சு அடைபட்டு அடைபட்டு எழும்பினால் அவனுக்குக் கிடைப்பதும் உடைந்த நித்திரைதான்.

மற்ற விசயத்துக்கும் வருகிறேன், வாசிக்கிறவர்கள் அதற்குத்தான் காத்திருப்பீர்கள். ஓம், நாட்டம் திரும்பியது. ஆனால் விறைப்பு முழுக்க டெஸ்டோஸ்டிரோனின் வேலை என்று எண்ணக்கூடாது. அது பெரும்பாலும் இரத்தக்குழாயின் வேலை, நரம்பின் வேலை, மனதின் வேலையும். 2004 இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. விறைப்புக் குறைபாடு உள்ள பருமனான 110 ஆண்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு உணவும் உடற்பயிற்சியும் சொல்லி இரண்டு வருடம் பின்னால் நின்று கவனித்தார்கள். அந்தப் பாதியில் மூன்றில் ஒருவருக்குக் கிட்ட, மாத்திரை ஒன்றும் இல்லாமல் செயல் வழமைக்குத் திரும்பியது. மூன்றில் இரண்டு பேருக்குத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விறைப்புக் குறைவு இதயக் குழாய் நோய்க்கு முன்னறிவித்தலாகவும் இருப்பதால், இரகசியமாக நீலக் குளிசை வாங்கி விழுங்குகிறவர் தன் நெஞ்சைப் பற்றிய செய்தி ஒன்றைத் தவறவிடுகிறார். நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து பாவிக்கிறவர் அந்தக் குளிசையைத் தொடவே கூடாது, பிறஷர் ஒரேயடியாக விழுந்துவிடும். துண்டு கேட்கிறேன் என்று என்னைத் திட்டுகிறவர்கள் இதைக் கேட்டபின் கொஞ்சம் அமைதியாகிறார்கள்.

பருமன் இல்லாத பொடியன்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றில் கட்டுக் கட்டாகத் தசை தெரிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்குத் தலைகீழாகும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944 - 45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போனது. அதோடு பெண்கள் மீதான நாட்டமும் போனது, சாப்பாட்டுக் கனவு மட்டும் மிஞ்சியது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைக்கிற உடம்பு பிள்ளைபெறும் வேலையைத் தள்ளிவைக்கிறது. மெலிந்தவன் மேலும் மெலிந்தால் ஹோர்மோன் இறங்கும். ஏற்றம் எல்லாம் மிதமிஞ்சிய கொழுப்பை இறக்குகிறவர்களுக்கு.

இனி ஊசி. அதற்கு நான் எதிரியில்லை. விதை சிறுத்தவர், கூவைக்கட்டில் விதை வீங்கிப் பழுதானவர், பிட்யூட்டரியில் கட்டி வந்தவர், இப்படிப்பட்டவர்களுக்கு அது வாழ்வு தருகிற மருந்து. டெஸ்டோஸ்டிரோன் மிகவும் குறைந்து, தலையிடியும் பார்வைக் குறைவும் சேர்ந்தால், அல்லது மார்பில் பால் கசிந்தால், வண்டியைக் குற்றம் சொல்லிக்கொண்டிராமல் உடனே டொக்டரிடம் போக வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வில் 40 முதல் 79 வயது வரையான மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களில், குறைந்த டெஸ்டோஸ்டிரோனும் அதற்குரிய பாலியல் அறிகுறிகள் மூன்றும் சேர்ந்திருந்தவர்கள் இரண்டு வீதம் அளவில்தான். கடைக்கு இரவில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டு வீதம் இல்லை.

வண்டி வைத்தவருக்கு ஊசி உதவாதா என்று கேட்கலாம். அவுஸ்திரேலியாவில் அதைப் பெரிதாகவே சோதித்தார்கள், முடிவு 2021 இல் வந்தது. இடுப்பு 95 சென்ரிமீற்றருக்குக் குறையாத, சீனி எல்லையைத் தொட்டு நின்ற 1007 ஆண்கள். எல்லோருக்கும் எடை குறைக்கும் நிகழ்ச்சித்திட்டம், பாதிப் பேருக்கு மேலதிகமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டு வருட முடிவில் ஊசி போட்டவர்களில் 12 வீதம் பேருக்குச் சீனி வருத்தம், போடாதவர்களில் 21 வீதம் பேருக்கு. நல்ல முடிவுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் ஊசி போட்டவர்களில் 22 வீதம் பேருக்கு இரத்தம் தடித்தது. செங்குழியங்களின் பங்கு 54 வீதத்தைத் தாண்டிவிட்டது, மற்றப் பக்கத்தில் அது ஒரு வீதம். அங்கே ஒழுங்காக இரத்தம் எடுத்துப் பார்த்து நிறுத்த ஆள் இருந்தது. பேஸ்புக்கில் வாங்கி வீட்டில் தானே குத்துகிறவரின் இரத்தம் தடிப்பதை யார் பார்ப்பது?

அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். பிள்ளை இல்லை என்று வருகிறவர்களும் இந்த ஊசியைக் கேட்கிறார்கள். ஆண் ஹோர்மோன் என்றால் ஆண்மை, ஆண்மை என்றால் பிள்ளை என்று கணக்கு. வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால் மூளை எல்.எச்.ஐயும் அதன் சோடியான எப்.எஸ்.எச்.ஐயும் நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சரிந்துவிடும். எவ்வளவு சரியும் என்றால், உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்துப் பார்த்தது, பெரும்பாலானவர்களின் விந்தணு முற்றாக இல்லாமல் போனது. நிறுத்தினால் அநேகமாகத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில். பிள்ளைக்காக ஏங்குகிறவன் காசு கொடுத்துக் கருத்தடை வாங்குகிறான்.

அப்படி ஒரு தம்பி வந்தான். கலியாணம் முடித்துச் சில வருடம். மனிசிக்கு ஸ்கான் எடுத்தாயிற்று, பரியாரியின் கசாயம் குடித்தாயிற்று, மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைத்தாயிற்று, மாமாங்கத் தீர்த்தமும் ஆடியாயிற்று. இவனுக்கு ஒரு சோதனையும் செய்யவில்லை. எங்கள் பகுதியில் இது வழமை. பிள்ளையில்லாத வீட்டில் முதல் நோயாளி எப்போதும் பெண்தான். தாய், மாமி, அயல் என்று எல்லோரும் அவளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் நிற்கிற வண்டி யாருடைய கண்ணிலும் படாது.

"அண்ணன், ஊசி போட்டா கெதியா சரிவரும் எண்டாங்க" என்றான்.

டென்மார்க்கில் 56 பருமனான ஆண்கள் எட்டுக் கிழமையில் சராசரியாக 16 கிலோவுக்கு மேல் இறக்கியபோது விந்தணுச் செறிவு ஒன்றரை மடங்கானதையும், ஒரு வருடம் கழித்து எடையைக் காப்பாற்றியவர்களிடம்தான் அது நிலைத்ததையும் அவனுக்குச் சொன்னேன். எல்லா ஆய்விலும் இப்படி வரவில்லை. சத்திரசிகிச்சை செய்து பெருமளவு இறக்கிய சிலருக்கு ஹோர்மோன் நன்றாக ஏறியும் விந்தணு எண்ணிக்கை ஏறவில்லை. ஆகவே முதலில் விந்துச் சோதனை, அதற்கு முன் விந்து வெளியேறாமல் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் இடைவெளி விட்டு. முடிவைக் கிளினிக்கில் காட்ட வேண்டும், மனிசியையும் கூட்டிக்கொண்டு. ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் அளவில் எடுக்கும், அதனால் எடையை இறக்கிய அடுத்த கிழமையே ஓடிப்போய்ச் சோதிக்கக்கூடாது, மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும் என்றேன். வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றான்.

"அப்ப கொத்து, அண்ணன்?"

"கிழமைக்கு ஒருக்கா. அதிலயும் பாதிய மனிசிக்குக் குடு" என்றேன். பனடோலுக்கு மட்டும் காசு வாங்கினேன்.